ஏழாம் அறையில் பூஜ்யம்

ஒரு மனிதரைக் கொல்ல இரண்டு வரி போதுமா?

போதும் என்றது மேனேஜரின் கம்ப்யூட்டர். ஒல்லி அந்த இரண்டு வரியை மூன்றாவது தடவையாகப் படித்தான்.

‘அறைக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று இந்தக் கருவி சொல்லும். பூஜ்யம் என்று வந்தால் வழக்கம்போல வேலையைத் தொடரலாம்.’

அவ்வளவுதான். இதை நம்பித்தான் மூன்று நாளைக்கு முன்னால் இந்தத் தானியக் கிடங்கின் ஏழாம் அறையில் பூச்சி மருந்து கேஸைத் திறந்துவிட்டது ஏஐ ஏஜென்ட். உள்ளே இருநூறு மூட்டையும் ஒரு சுமைதூக்கும் தொழிலாளியும் இருந்தார்கள். மூட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

“ஏஜென்ட்னா யாரோ ஆளுன்னு நெனச்சுக்காதீங்க” என்றார் மேனேஜர். “கதவு பூட்டறது, ஃபேன் போடறது, கேஸ் விடறது எல்லாமே அந்த சாஃப்ட்வேர்தான். ஒவ்வொரு வேலைக்கும் அதுகிட்ட ஒரு கருவி குடுத்திருக்கோம். அந்தக் கருவி என்ன செய்யும், எப்ப எடுக்கணும்னு பக்கத்துலயே ஒரு விளக்கம் எழுதியிருக்கும். அதைப் படிச்சுத்தான் அது முடிவு பண்ணும். எழுதினதைத் தாண்டி அதுக்கு ஒரு மண்ணும் தெரியாது.”

“எங்க லிஃப்ட் கம்பெனி முதலாளியும் அப்படித்தான் சார்” என்றான் ஒல்லி. “ஆனா அவருக்கு எழுதிக் குடுத்தாலும் தெரியாது.”

ஒல்லிக்கு எடை நூற்றுப் பத்துக் கிலோ. பேர் வைத்தவனுக்குக் குசும்பு ஜாஸ்தி. பதினைந்து வருடம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன், ஒருநாள் ஒரு லிஃப்ட் அவனையே ஏற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தபோது அந்தத் தொழிலைக் கைகழுவிவிட்டு இன்ஸ்பெக்டரம்மாவிடம் வந்து சேர்ந்தான். அவரும் போலீஸ் இன்ஸ்பெக்டர் இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் பொய் க்ளெய்ம்களைப் பிடித்தவர். அங்கே ஒட்டிக்கொண்ட பட்டம், வேலையை விட்டுச் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்த பிறகும் போகவில்லை.

“இந்த விளக்கத்தை எழுதினது?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டரம்மா.

“இந்த விளக்கமெல்லாம் எழுதற அந்தம்மாதான். அதுக்குத்தானே சம்பளம் குடுத்து வெச்சிருந்தோம்! தப்பா எழுதி ஒரு உயிரைக் காவு வாங்கிட்டாங்க. போலீஸ்ல ஒத்துக்கவும் ஒத்துக்கிட்டாங்க. இப்ப நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னுதான் எனக்குப் புரியல.”

“அவங்க தம்பி வரச் சொன்னாரு.”

தம்பி நேற்று மத்தியானம் இவர்கள் ஆபீசுக்கு வந்திருந்தார். இதே கிடங்கில் இரண்டாவது ஷிப்ட் சூப்பர்வைசர். யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. இடது காலை இழுத்து இழுத்து நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு கொட்டித் தீர்த்துவிட்டார். ‘எங்கக்கா அப்படி எழுதுற ஆளே இல்ல மேடம். யாரோ அவ தலையில கட்டிட்டாங்க. அவளோ நான்தான் எழுதினேன்னு சொல்லிட்டு வாயே திறக்க மாட்டேங்கறா. நாளன்னிக்குக் காலைல கோர்ட். குத்தத்தை ஒத்துக்கிட்டா அஞ்சு வருஷம்னு வக்கீல் சொல்றார். எனக்கு அவளை விட்டா யாரும் இல்ல.’

அந்த நாளன்றைக்கு இப்போது நாளையாகிவிட்டது. ஒல்லி கடிகாரத்தைப் பார்த்தான். பகல் பதினொன்று.

“கடைசியா இதை எப்ப மாத்தினது?”

“பதினாலாம் தேதி, காலைல ஏழு இருபது. அவங்க லாகின்லதான்.”

“அதுக்கு முன்னால என்ன எழுதியிருந்தது?”

“அதெல்லாம் வெச்சுக்கறதில்ல. புதுசு எழுதினா பழசு போயிடும்.”

“நல்ல சௌகரியம்” என்று முணுமுணுத்தான் ஒல்லி.

இன்ஸ்பெக்டரம்மா கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டார். “பழைய விளக்கம் போயிடுச்சு, சரி. அதைப் படிச்சுட்டு ஏஜென்ட் என்ன பண்ணுச்சுன்னு பதிவு இருக்கும் இல்ல? அதைக் காட்டுங்க.”

மேனேஜரின் கை மவுஸை விட்டு விலகி, மறுபடி அதன் மேல் போய் உட்கார்ந்தது. வேறு வழியில்லாமல் திறந்து காட்டினார். பதினாலாம் தேதிக்கு முந்தைய பக்கங்களில் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வந்தது.

‘பூஜ்யம் என்று வருகிறது. ஆனால் இந்தக் கருவி வாசலில் தேய்த்த கார்டுகளை மட்டுமே எண்ணும், ஆட்களை எண்ணாது. கார்டு தேய்க்காமல் உள்ளே போகிறவர்கள் உண்டு. கதவைத் திறந்து பார்க்க சூப்பர்வைசரைக் கூப்பிடுகிறேன்.’

பதினாலாம் தேதிக்குப் பிறகு: ‘பூஜ்யம். அறை காலி. தொடர்கிறேன்.’

ஒல்லி திரையருகே குனிந்தான். அழிந்துபோன விளக்கத்தை அந்த மெஷின் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்து வைத்திருக்கிறது! கேட்கத்தான் ஆளில்லை.

“இந்த மாதிரி எத்தனை தடவை கூப்பிட்டிருக்கு?”

“நானூத்திப் பன்னெண்டு” என்றார் மேனேஜர், குரல் இறங்கி. “கதவு பூட்டறதுக்கும் சேர்த்து, அஞ்சு வாரத்துல.”

“ஒவ்வொரு தடவையும் ஆள் நடந்து போய்ப் பார்த்துட்டு வர்ற வரைக்கும் லாரியெல்லாம் வெளியே நின்னிருக்கும். நீங்க சும்மாவா இருந்திருப்பீங்க?”

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து வைத்தார். ‘மேற்படி வரியை உடனடியாக நீக்கவும்’ என்று அந்தம்மாவுக்கு அவர் அனுப்பிய கடிதம். கீழே பதில்: ‘நீக்க முடியாது. எட்டு அறையிலும் உள்ளே கேமரா வையுங்கள். மறுநாளே நீக்கிவிடுகிறேன்.’

“கேமரா வெச்சீங்களா?”

“மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்கேன்.”

“மாட்டினாரய்யா மாப்பிள்ளை” என்று ஒல்லி இன்ஸ்பெக்டரம்மாவின் காதருகே கிசுகிசுத்தான். அவர் கண்டுகொள்ளவில்லை. ஒரு வெள்ளைத் தாளை மேனேஜர் பக்கம் தள்ளினார்.

“உங்க ஆபீஸ் லிஃப்டை ஏஜென்ட் கையில குடுக்கறதா வெச்சுக்குங்க. அதுக்கு ரெண்டே ரெண்டு வரி விளக்கம் எழுதுங்க பார்ப்போம்.”

மேனேஜர் எழுதினார். பக்கம் நிரம்பியது. ‘மேற்படி லிஃப்டானது உரிய அனுமதி பெற்ற பணியாளர்களால் மட்டுமே…’ என்று தொடங்கி, கடைசியில் கையெழுத்து, தேதி, முத்திரை எல்லாம் போட்டுக் கொடுத்தார். இன்ஸ்பெக்டரம்மா அதை மடித்துக் கைப்பையில் வைத்தார். ஏஜென்டின் பதிவையும் ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஏழாம் அறை முற்றத்தின் அந்தக் கோடியில் இருந்தது. சூப்பர்வைசர் உட்காரும் கண்ணாடிக் கூண்டிலிருந்து அங்கே போவதற்குள் ஒல்லிக்கு மூச்சு வாங்கியது. கதவில் போலீஸ் சீல். பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி. ஆணியில் பத்துப் பன்னிரண்டு அடையாளக் கார்டுகள் சாவிக்கொத்துப் போலத் தொங்கிக்கொண்டிருந்தன.

“இது என்னங்க?”

சுமைதூக்குபவர்களின் மேஸ்திரி தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “எங்க கார்டுதான். தலையில மூட்டை இருக்கும்போது கார்டை எந்தக் கையால தேய்க்கறது? ஒருத்தன் தேய்ப்பான், அஞ்சு பேர் உள்ள போவோம். அவன் வெளியே வரும்போது மறுபடி தேய்ப்பான். ஆரம்பத்துலேர்ந்தே இப்படித்தான்.”

“அந்தம்மாவுக்கு இது தெரியுமா?”

“தெரியாமலா? ரெண்டு நாள் இங்கயே மூட்டை மேல உட்கார்ந்து பார்த்துட்டிருந்தாங்களே! ஆணியில எத்தனை கார்டு இருக்குன்னுகூட எண்ணினாங்க. ‘இதை ஏம்மா எழுதறீங்க, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே’ன்னு கேட்டேன். ‘படிக்கப்போறதுக்குத் தெரியாதே அண்ணா’ன்னாங்க.”

ஒல்லி ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றான். கேட்க வேண்டாம் என்று நினைத்ததைக் கேட்டுவிட்டான். “கதவு மூடும்போது யாரும் ஒரு குரல் குடுக்கலையா?”

மேஸ்திரி சீல் வைத்த கதவைக் காட்டினார். 

“அவன் பேரே பாட்டுக்காரன்தான் சார். பாடாம ஒரு மூட்டை தூக்க மாட்டான். உள்ள இருந்தான்னா இந்த முற்றத்துக்கே தெரியும். குரல் குடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே வராது.” துண்டை முறுக்கினார். “அன்னிக்குக் காலைல பல்லு புடுங்கிட்டு வந்திருந்தான். வாய் நிறையப் பஞ்சு. வலி பொறுக்காம மூட்டைக்குப் பின்னால போய்ப் படுத்திருக்கான். எங்களுக்குப் பாட்டு கேக்கல. காலின்னு நெனச்சுட்டு வந்துட்டோம் சார். வந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். ரெண்டு பொட்டப் புள்ளைங்க அவனுக்கு.”

ஒல்லியின் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் நக்கல் எதுவும் வரவில்லை.

காரில் ஏறிய பிறகுதான் நாக்கு திரும்பக் கிடைத்தது. “நேரா போலீஸ் ஸ்டேஷனுக்கே போயிடலாம் மேடம். லெட்டர் போட்டாரு, அந்தம்மா மசியல. இவரே அவங்க லாகின்ல புகுந்து வரியைத் தூக்கிட்டாரு. கேஸ் முடிஞ்சுது, நான் சாப்பிடப் போறேன்.”

“நீ மத்தியானம் என்ன சாப்பிடுவேன்னு எனக்குத் தெரியும் ஒல்லி.”

“ஊருக்கே தெரியும் மேடம்.”

“எப்படித் தெரியும்? நேத்தும் முந்தாநாளும் பார்த்திருக்கேன். அந்த ஏஜென்ட்டுக்கு நேத்துன்னு ஒண்ணு கிடையாது. ஒவ்வொரு தடவையும் அன்னிக்குத்தான் வேலைல சேர்ந்த ஆள் மாதிரி அந்த விளக்கத்தைப் படிக்கும். அன்னிக்குச் சேர்ந்த ஆள்கிட்டப் போயி ‘வழக்கம்போல செய்’னு சொன்னா?”

“எந்த வழக்கம்னு முழிப்பான்.”

“ஆறு வருஷமா அந்த மாதிரி ஆளுக்காகவே எழுதினவங்க, ஆணியில தொங்கற கார்டைக்கூட விடாதவங்க, ‘வழக்கம்போல’ன்னு ஒரு வார்த்தையைப் போடுவாங்களா?”

ஒல்லி நிமிர்ந்து உட்கார்ந்தான். “அதான் சொல்றேனே, மேனேஜர்!”

“அவர் லிஃப்டுக்கு எழுதினதைப் பார்த்தியா? அந்த ஆளுக்கு ‘மேற்படி’ இல்லாம மூச்சே வராது. ஒரு வேலை செஞ்சா முத்திரை குத்தி ரெண்டு நகல் எடுத்து வெப்பார். திருட்டுத்தனம் பண்ண அவருக்குப் பொறுமையும் இல்ல, துணிச்சலும் இல்ல. அதோட காலைல ஏழு இருபதுக்கு அந்த ஆபீஸ் பூட்டிக் கிடக்கும்.”

“அப்ப யாருதான்?”

“வீட்டுக்கு விடு. அவங்க எப்படி எழுதுவாங்கன்னு பார்க்கணும்.”

அக்காவும் தம்பியும் இருந்தது இரண்டாவது மாடியில், இரண்டு அறை வீடு. தம்பிதான் கதவைத் திறந்தார். மூன்று நாள் தாடி. “ஏதாவது தெரிஞ்சுதா மேடம்? மேனேஜர்கிட்டப் பேசினீங்களா?” என்று வாசலிலேயே கேட்டார்.

“பேசினோம். முதல்ல கொஞ்சம் தண்ணி குடுங்க.”

ஒல்லி சுற்றிலும் பார்த்தான். அந்த வீடே பேசியது. எதைத் தொட்டாலும் அதன் மேல் குண்டு குண்டாக எழுதிய ஒரு சீட்டு. சுவிட்ச் மேல்: ‘இது தண்ணீர் மோட்டார். தொட்டி நிரம்பினாலும் தானாக நிற்காது. போட்டுவிட்டு வெளியே போகாதே.’ மருந்து டப்பாவின் மேல்: ‘முட்டி வலிக்கு. ஒருநாளைக்கு இரண்டுதான். வெறும் வயிற்றில் போடாதே. போட்டும் குறையாவிட்டால் மூன்றாவது போடாதே, என்னைக் கூப்பிடு.’

எது என்ன, எதற்கு, எப்போது கூடாது. ஒரு சீட்டிலும் அந்த மூன்றும் தவறவில்லை. முன்பின் தெரியாத ஒருவன் வந்து இந்த வீட்டில் ஒரு மாதம் தனியாகக் குடித்தனம் நடத்தலாம் என்று தோன்றியது ஒல்லிக்கு.

இன்ஸ்பெக்டரம்மா ஃபிரிட்ஜின் முன்னால் நின்றுவிட்டார். தண்ணீர் டம்ளரை வாங்கினார், குடிக்கவில்லை.

ஃபிரிட்ஜ் கதவில் வேறொரு கையெழுத்து. கிறுக்கலாக, சாய்ந்து ஓடும் எழுத்து. ‘அக்கா, சாவி வழக்கம்போல வெச்சிருக்கேன்.’ அதன் கீழே குண்டு எழுத்தில்: ‘எங்கே? மீட்டர் பெட்டிக்குப் பின்னால் என்று எழுதுடா.’ இன்னொரு சீட்டு: ‘வழக்கம்போல லேட்டாகும்.’ கீழே: ‘எத்தனை மணிக்கு?’

ஒல்லி படித்தான். இரண்டாவது தடவை படிக்க வேண்டியிருக்கவில்லை. நேற்று வாசலில் காலை இழுத்துக்கொண்டு வந்து நின்ற அதே ஆளைத் திரும்பிப் பார்க்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

இன்ஸ்பெக்டரம்மா கைப்பையிலிருந்து பதிவின் நகலை எடுத்து மேசையில் விரித்தார். “ஏஜென்ட் நானூத்திப் பன்னெண்டு தடவை கூப்பிட்டிருக்கு. லாரி வர்றது பெரும்பாலும் ரெண்டாவது ஷிப்ட்லதான் போல. அதுல மட்டும் இருநூத்தி அறுபத்தெட்டு. அந்த முட்டியை வெச்சுக்கிட்டு முற்றத்தோட கோடிக்கும் கூண்டுக்கும் இருநூத்தி அறுபத்தெட்டு தடவை நடந்திருக்கீங்க தம்பி.”

தம்பி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“போகாமலே பார்த்துட்டேன்னு பட்டனை அமுக்கியிருக்கலாமே?” என்றான் ஒல்லி மெதுவாக.

“கதவு நிஜமா திறந்து மூடினாத்தான் அது நம்பும்.” குரல் எங்கோ அடியிலிருந்து வந்தது. “அக்கா அதையும் எழுதியிருந்தா.”

பிறகு நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அவ குளிக்கப் போயிருந்தா. லேப்டாப் திறந்து கிடந்துச்சு. பாஸ்வேர்ட் என் பொறந்தநாள்தான், வேற என்ன வெப்பா? முதல் நாள் கால் வீங்கி நடக்கவே முடியல. லாரிக்காரன் கத்தறான், மேனேஜர் கத்தறார். ஒரே ஒரு நாளைக்குன்னு நெனச்சுத்தான் மாத்தினேன் மேடம். மறுநாள் திருப்பி எழுதிடலாம்னு இருந்தேன். மறுநாள் நடக்க வேண்டியிருக்கல. அந்தச் சொகத்துல விட்டுட்டேன்.”

“அவர் செத்த இருபத்து மூணாம் தேதி ஷிப்ட் யாரோடது?”

“என்னோடதுதான்.” உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார். “ஏழாம் ரூம்ல கேஸ் விட்டாச்சுன்னு ஃபோன்ல வந்துச்சு. அப்பாடா, எந்திரிக்க வேண்டாம்னு இருந்துச்சு. அந்த அப்பாடாதான் மேடம் என்னைத் தூங்க விடமாட்டேங்குது.”

“எங்களை எதுக்குய்யா கூப்பிட்டே?” ஒல்லிக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

“வரியை எடுக்கச் சொல்லி லெட்டர் போட்டவர் மேனேஜர். நீங்க அவர் மேலதான் சந்தேகப்படுவீங்கன்னு நெனச்சேன். அக்கா வெளியே வந்தா போதும்னு இருந்துச்சு. அவளுக்கு ஒண்ணும் தெரியாது மேடம். ஏதோ ஞாபகத்துல தானே தப்பா எழுதிட்டோம்னு நெனச்சுட்டிருக்கா, பாவம்.”

இன்ஸ்பெக்டரம்மா ஃபிரிட்ஜைக் காட்டினார். “இத்தனை வருஷமா உங்க சீட்டுக்குக் கீழே எழுதறாங்க. போலீஸ் அந்த ரெண்டு வரியைக் காட்டினப்ப அது யார் எழுதினதுன்னு அவங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிஞ்சதாலதான் நான்தான் எழுதினேன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டாங்க.”

தம்பி நிமிர்ந்து அந்தச் சீட்டுகளைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை ஒல்லியால் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“நீங்க போய் போலீஸ்ல சொல்லிடுங்க மேடம்” என்றார் தம்பி.

“நான் சொன்னா அவங்க இல்லைன்னு சாதிப்பாங்க. நீங்கதான் எழுதணும்.” அவர் முன்னால் தாளும் பேனாவும் வைத்தார்.

தம்பி எழுதத் தொடங்கினார். ‘அன்று நான் வழக்கம்போல…’ பேனா அப்படியே நின்றது. அந்த வரியை அடித்துவிட்டு வேறு தாள் கேட்டார்.

சாயங்காலம் நான்கு மணிக்கு போலீஸ் ஸ்டேஷனில், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அக்கா அந்தத் தாளைக் கையில் வாங்கினார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். தலையை வாரி அழுத்தமாக முடிந்திருந்தார். கையெழுத்தைப் பார்த்ததும் முகம் வெளிறியது.

“யார் உங்களை இதுல மூக்கை நுழைக்கச் சொன்னது? நான்தான் எழுதினேன்னு சொல்லிட்டேன் இல்ல? நான் போயிட்டு வந்துடுவேன். அவனால அங்கெல்லாம் இருக்க முடியாது. உங்களுக்கு என்ன தெரியும் அவனைப் பத்தி?”

“படிங்க” என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

‘பதினான்காம் தேதி காலை ஏழு இருபதுக்கு, அக்கா குளித்துக்கொண்டிருந்தபோது, ஆட்களை எண்ணும் கருவியின் விளக்கத்தை அவள் லேப்டாப்பில் நான் மாற்றினேன். அக்காவுக்குத் தெரியாது. யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. நடக்கச் சோம்பல்பட்டு மாற்றினேன். அந்தக் கருவி கார்டை மட்டும்தான் எண்ணும் என்று எனக்குத் தெரியும். இருபத்து மூன்றாம் தேதி ஏழாம் அறை காலி இல்லை. பழைய விளக்கம் இருந்திருந்தால் ஏஜென்ட் என்னைக் கூப்பிட்டிருக்கும். நான் கதவைத் திறந்திருப்பேன். அவர் உயிரோடு இருந்திருப்பார்.’

அக்கா அதை அவசரமில்லாமல் படித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். விரல் ஒவ்வொரு வரியின் கீழும் ஊர்ந்தது. ஒல்லிக்குப் புரிந்தது. வேறு எப்படியும் படிக்க அந்தம்மாவுக்குத் தெரியாது.

விரல் ஓரிடத்தில் நின்றது.

“சோம்பலா? எவன் சொன்னான் சோம்பல்னு? ரெண்டு தடவை ஆபரேஷன் பண்ணின முட்டிங்க அது. இதுல முட்டியைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லையே! படிக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?” கை நீண்டது. “பேனா குடுங்க. ஒரே ஒரு வரி.”

“அது அவர் வாக்குமூலம்மா” என்றார் இன்ஸ்பெக்டரம்மா. குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. “முட்டியைப் பத்தி எழுதச் சொல்லி நானும் கேட்டேன். வேண்டாம்னுட்டார். நீங்க திருத்தக் கூடாது.”

நீண்ட கை மேசை மேலேயே கிடந்தது. கதவு திறந்திருந்தது. நடைவழி பெஞ்சில் உட்கார்ந்திருந்த தம்பியைக் கான்ஸ்டபிள் ஒருவர் எழுப்பி, உள்ளே வரும்படி சைகை காட்டினார். அவர் எழுந்து, இடது காலை இழுத்து இழுத்து, அந்த நீள நடையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து வந்தார். அதைப் பார்த்த பிறகுதான் அந்தம்மா வாய்விட்டு அழுதார்.